அம்மன் கழுத்து மெடலும் மச்சான் மேடும்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கழுத்தில் இங்கிலாந்து ராஜா தொங்கிக்கொண்டிருந்தார். பகடி பண்ணவில்லை. தாலிப் பொட்டுக்குக் கொஞ்சம் கீழே, மஞ்சள் கயிற்றில் கோத்த ஒரு வெள்ளி மெடல். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் ஆங்கில எழுத்து. நோர்வூட்டிலிருந்தும் பொகவந்தலாவைப் பக்கமிருந்தும் திருவிழாவுக்கு வரும் உறவுக்காரர்கள் கும்பிட்டு முடித்ததும் என் காதருகே வந்து, "பூசாரி, ஆத்தா கழுத்துல யாருங்க அது?" என்று கேட்பார்கள். "எங்க மச்சானோட பழைய மொதலாளி" என்று சொல்லி வைப்பேன்.

பூசாரி என்றதும் பூணூலும் மந்திரமும் உள்ள ஆளாக என்னை நினைத்துவிட வேண்டாம். வாரம் முழுக்கக் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடியைத் தறித்துக்கொண்டிருந்தவன் நான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீரில் குளித்து வேட்டி மாற்றினால் பூசாரி. அப்பா செய்த வேலை, அவருக்குப் பிறகு என் தலையில் விழுந்தது. சம்பளம் கிடையாது. தேங்காய் மூடியும் வாழைப்பழமும் உண்டு.

மெடல் என் அக்கா புருஷனுடையது. உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கங்காணியோடு கோபித்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனவர், அங்கிருந்து கொழும்பு, அங்கிருந்து கப்பலேறி எகிப்து என்று போய்விட்டார். சண்டை முடிந்து அவர் திரும்பி வந்த அன்று எங்கள் லயத்து வரிசைவீட்டு ஆண்கள் எல்லோரும் அக்கா வீட்டு வாசலில் கூடினார்கள். எத்தனை பேரைச் சுட்டீங்க என்பதுதான் முதல் கேள்வி.

"துப்பாக்கியே கொடுக்கலங்க. மூட்டைதான் கொடுத்தாங்க" என்றார் மச்சான்.

கப்பலில் வந்த சாமானை இறக்குவதும், லாரியில் ஏற்றுவதும், லாரி போகாத மணலில் தோளில் சுமப்பதும்தான் அவருக்குப் பட்டாளத்தில் வேலை. கேட்டவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "இங்க கொழுந்து மூட்டை, அங்க குண்டு மூட்டை. இதுக்கா கப்பலேறிப் போனீங்க?" என்று ஒருவன் கேட்டே விட்டான். அப்போதுதான் மச்சான் மெடலை எடுத்துக் காட்டினார்.

ஆகாயத்திலிருந்து குண்டு விழுந்து சாமான் கொட்டகை தீப்பிடித்ததாம். எல்லோரும் வெளியே ஓட, இவர் மட்டும் உள்ளே ஓடினாராம். ஏன் ஓடினீர்கள் என்றால், "தேயிலை தீயிற வாசம் வந்துச்சுங்க. பெட்டி எரிஞ்சுபோனா யாரு பதில் சொல்றதுன்னு உள்ள போயிட்டேன். போனா, ரெண்டு வெள்ளைக்காரன் மயங்கிக் கெடக்கான். பெட்டிய விட்டுட்டு அவனுங்கள ஒவ்வொருத்தனா முதுகுல போட்டுக்கிட்டு வந்துட்டேன்" என்பார். தீபாவளிக்குக் கொஞ்சம் சாராயம் உள்ளே போனால் வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேராகிவிடுவார்கள். தேயிலை வாசம் மட்டும் எந்தத் தீபாவளிக்கும் மாறியதில்லை. அதனால் நான் அதை நம்பினேன்.

அந்த மெடல் அம்மன் கழுத்துக்குப் போனது அக்காவின் வேலை. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஒன்றிரண்டு வருஷத்தில் மச்சானுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரி மருந்து, நாட்டு மருந்து எல்லாம் பார்த்தாயிற்று. மனுஷன் கண் திறக்கவில்லை. அக்கா ஈரப் புடவையோடு கோயிலுக்கு வந்து, அவர் எழுந்து நடந்தால் வெள்ளியில் உரு செய்து சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். மச்சான் எழுந்து நடந்துவிட்டார். ஆனால் வீட்டில் வெள்ளி என்று இருந்தது அந்த மெடல் ஒன்றுதான். அவர் தூங்கும்போது பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்துவிட்டாள். நானும் மஞ்சள் தண்ணீரில் கழுவி ஆத்தாளுக்குச் சாத்திவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மச்சான் கோயிலுக்கு வந்தார். அக்கா எனக்குப் பின்னால் ஒளியாத குறைதான். அவர் அம்மனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "எங்கிட்ட இருந்தா பெட்டிக்குள்ள கறுத்துப் போயிருக்கும். ஆத்தா கழுத்துல இருந்தா வெள்ளிக்கு வெள்ளி சூடம் காட்டுவாங்க" என்றார். அன்றிலிருந்து அவர் கும்பிடும் முறையே மாறிப்போனது. முதலில் விறைப்பாக நின்று நெற்றிக்குக் கை வைத்து ஒரு சலாம். அதற்குப் பிறகுதான் இரண்டு கையும் கூப்புவார். நான் கண்டித்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

பத்து வருஷத்துக்கு மேல் அப்படிக் கும்பிட்டார். பிறகு ஒரு கவ்வாத்துக் காலத்தில், மலையில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். எனக்கு இரண்டு செடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குச் சண்டை போட ஆளில்லாமல் போனது.

ஆற்றுக்கு மேலே சரிவில் இருந்த எங்கள் மயானத்தில் அவரைப் புதைத்தோம். லயத்து ஆட்களின் குழிக்குக் கல்லும் கிடையாது, எழுத்தும் கிடையாது. மண் மேடு ஒன்று இருக்கும், இரண்டு பெருமழை பெய்தால் அதுவும் தட்டையாகிவிடும். அக்கா மட்டும் ஆற்றிலிருந்து வெள்ளைக் கற்களைப் பொறுக்கி வந்து மச்சானின் மேட்டைச் சுற்றி அடுக்கி வைத்தாள். அந்தப் பக்கத்து மலையில் கொழுந்து எடுக்கிற நாளெல்லாம் கூடையோடு போய் நின்று அன்றைய சேதி முழுவதையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். உயிரோடு இருந்தபோது இவ்வளவு பொறுமையாக அவர் எதையும் கேட்டதில்லை என்று அவளே சொல்வாள்.

அறுபதுகளில் புது ஜாதித் தேயிலைக் கன்று வந்தது. பழைய செடியைப் பிடுங்கிவிட்டு, சும்மா கிடக்கும் நிலத்தையும் சேர்த்து நடச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் கண் மயானத்தின் மேல் விழுந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு இடம் தருகிறேன், இதைத் துப்புரவு பண்ணி நடுங்கள் என்றுவிட்டார். எங்கள் அப்பா, அம்மா, அப்பாவின் அப்பா எல்லோரும் அதற்குள்தான் கிடந்தார்கள். தொழிற்சங்கத்துத் தோட்டத் தலைவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போய்க் கேட்டார். துரை வெள்ளைக்காரர், ஆனால் தமிழ் பேசுவார். மரியாதை என்ற ஒன்றை மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் விட்டுவிட்டான்.

"எந்த ஆளு எங்க கெடக்குது, ஒனக்குத் தெரியுமா? தெரியாது. அப்ப எதை விடச் சொல்றே?" என்று கேட்டாராம். மேடு எல்லாம் மழையில் கரைந்து போயிருந்தது உண்மைதானே.

திரும்பி வந்த தலைவர் அக்காவிடம் ஒரு யோசனை சொன்னார். "தொரையும் சண்டைக்குப் போனவருங்க. மெடல் வாங்குன பட்டாளத்து ஆளோட மேடுன்னு தெரிஞ்சா விட்டுருவாரு. ஆனா வாயால சொன்னா நம்ப மாட்டாரு. மெடலக் கொண்டுபோய்க் காட்டணும்."

அன்று சாயங்காலமே அக்கா கோயிலுக்கு வந்துவிட்டாள்.

"தம்பி, அதைக் கழட்டிக் குடு. காட்டிட்டு ஒடனே கொண்டாந்துர்றேன்."

"ஆத்தாளுக்குச் சாத்தினது சாத்தினதுதான். வாசல் தாண்டக் கூடாது."

"தாண்டினா என்ன ஆகும்?"

"எந்தக் காய்ச்சலுக்கு வேண்டிக்கிட்டியோ அந்தக் காய்ச்சல் திரும்பி வரும்."

"யாருக்குடா வரும்? அவருதான் போய்ச் சேந்துட்டாரே!"

பூசாரி தோற்க முடியுமா? "எனக்கு வரும்" என்றேன்.

கடைசியில் ஆத்தாளையே கேட்போம் என்று முடிவானது. எங்கள் வழக்கப்படி வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் இலையில் கட்டி அம்மன் காலடியில் போட்டேன். வெள்ளை வந்தால் தருகிறாள், சிவப்பு வந்தால் தரமாட்டாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். சிவப்பு. மறுபடியும் போடு என்றாள். சிவப்பு. மூன்றாம் தடவை எடுப்பதற்கு முன் இரண்டு பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தாள், நான் இரண்டிலும் சிவப்பு வைத்திருக்கிறேனோ என்று! ஒன்று வெள்ளைதான். திரும்பக் கட்டிப் போட்டேன். அதுவும் சிவப்புதான்.

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அம்மனை ஏச ஆரம்பித்தாள். "இத்தனை வருஷம் பாலு ஊத்தியிருக்கேன். ஒரு நா எரவல் கேட்டதுக்கு மூணு தரம் மொறைக்கிறியே" என்றாள். மூச்சு வாங்கும் வரை ஏசினாள். பிறகு அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சரி, நீ வர மாட்டே. அந்தத் தொரைய இங்க வர வைக்கிறேன். நீயே காட்டு."

கிளம்புவதற்கு முன் மெடலை ஒரு தரம் நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

"டேய், ராசா மூக்கு எங்கடா?"

வெள்ளிக்கு வெள்ளி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் ராஜா என்ன செய்வார்? மூக்கு, காது, முடி எல்லாம் ஆத்தாளோடு ஐக்கியமாகிவிட்டன. மறுபக்கத்து எழுத்தும் இருந்த இடம் தெரியவில்லை. பார்த்தால் பெரிய சைஸ் பொத்தான் என்றுதான் சொல்லத் தோன்றும். அக்கா அன்று என்னை ஏசியதை இங்கே எழுத முடியாது. அம்மனுக்கே அவ்வளவு கிடைக்கவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டுக் களத்தில், ஆள் பிரித்து வேலைக்கு அனுப்புகிற நேரம், அக்கா கூடையோடு நேராகத் துரை முன்னால் போய் நின்றாள். கணக்குப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது.

"தொரைங்களே, எங்க வீட்டுக்காரரு சண்டையில மெடல் வாங்கினவருங்க. மயானத்துல இருக்காரு. அவரு மேல தேயிலை நடக் கூடாதுங்க."

"மெடல் எங்க?"

"கோயில்லங்க."

"கொண்டு வா."

"ஆத்தா விடலீங்க. நீங்கதான் வரணும்."

துரை அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒன் புருஷன் பேர் என்ன?" என்று கேட்டார். அக்கா வாயைத் திறக்கவில்லை. புருஷன் பேரை எந்தப் பெண்பிள்ளை வாயால் சொல்வாள்? துரை மறுபடியும் கேட்டார். அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். "புருஷன் பேரே தெரியல, மெடல் மட்டும் தெரியுமா?" என்று அவர் சிரித்தார். கணக்குப்பிள்ளை எங்கள் வழக்கத்தை விளக்கிச் சொல்லி, பேரைத் தானே சொல்லப் போனார். துரை கையைக் காட்டி நிறுத்தினார். "நீ சொல்லாத. மெடல்ல இருந்தா நான் படிப்பேன்" என்றார். அப்படிச் சொல்லிவிட்டுக் கோயில் பாதையில் நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். பின்னால் அவர் நாய். அதற்குப் பின்னால் பெரட்டுக் களம் மொத்தமும்.

நான் குறுக்கே ஓடிப்போய்க் கோயில் வாசலில் நின்றேன். துரை சப்பாத்தையும் முழங்கால் வரை இழுத்த காலுறையையும் பார்த்தேன். சொல்லாமல் விட்டால் ஆத்தா கோபிப்பாள். சொன்னால் துரை பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டே துரத்துவார். ஆத்தா கோபம்தான் பெரிது என்று முடிவு செய்து, "சப்பாத்து..." என்று ஆரம்பித்தேன். சத்தம் வெளியே வந்ததா என்றுகூட நிச்சயமில்லை. ஆனால் அவர் வாசல் கல்லில் உட்கார்ந்து கழற்றினார். வெள்ளைக் காலில் ஒரு அட்டை கடித்த தழும்பு இருந்தது. எங்களுக்கு இருப்பது மாதிரியேதான்.

"அதைக் கழட்டு" என்றார் உள்ளே வந்ததும்.

"ஆத்தாளோடதுங்க. கழட்ட முடியாதுங்க."

அவர் ஏதோ முணுமுணுத்துவிட்டு அம்மன் முன்னால் குனிந்தார். நான் விளக்கைப் பிடித்தேன். கயிற்றோடு மெடலை விரலால் தூக்கிப் பார்த்தார். மூக்கில்லாத ராஜாவைப் பார்த்ததும் அவர் புருவம் ஏறியது. திருப்பினார். ஒன்றுமில்லை. வாசலில் நின்ற அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

துரை மெடலைச் செங்குத்தாக நிறுத்தி, விளிம்பைப் பார்த்தார். நான் விளிம்பைத் தேய்த்தது கிடையாது. யார் காசின் விளிம்பைத் தேய்க்கிறார்கள்? அங்கே பொடிப்பொடியாக எழுத்து வெட்டியிருந்தது. இத்தனை வருஷத்துச் சந்தனமும் மஞ்சளும் அந்தப் பள்ளத்தில் போய் இறுகிக்கிடந்ததால், வெள்ளியில் மஞ்சள் மையால் எழுதியது போல ஒவ்வொரு எழுத்தும் எழும்பித் தெரிந்தது. அவர் மெடலைச் சுற்றிச் சுற்றி மெதுவாகப் படித்தார். முதலில் பட்டாளத்து இலக்கம். அப்புறம் பேர்.

அவர் வாயில் அந்தப் பேர் நொண்டி நொண்டித்தான் வந்தது. ஆனாலும் மச்சான் பேர்தான். அக்கா தலையைக் குனிந்து, "அவருதாங்க" என்றாள். அவள் முகம் கழுத்து வரை சிவந்திருந்தது.

துரை மெடலை அம்மன் மார்பில் மெதுவாகப் படிய விட்டார். பிறகு இரண்டு அடி பின்னால் வந்தார். வெறுங்காலை ஒன்றோடு ஒன்று சேர்த்து, முதுகை நிமிர்த்தி, நெற்றிக்குக் கை வைத்து ஒரு சலாம் போட்டார். மச்சான் போடுகிற அதே சலாம், அதே இடத்தில் நின்று. என்ன செய்வதென்று தெரியாமல் திருநீற்றுத் தட்டை நீட்டிவிட்டேன். அவரும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சிட்டிகை எடுத்து, அதைப் பத்திரமாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்தச் சலாம் ஆத்தாளுக்கா, ராஜாவுக்கா, மச்சானுக்கா என்று லயத்தில் ரொம்ப நாள் வழக்கு நடந்தது. ஆத்தாளுக்குத்தான் என்பது பூசாரி கட்சி. அக்கா அதை ஒத்துக்கொண்டதே இல்லை.

மயானத்தைத் துப்புரவு செய்து கன்று நட்டார்கள். மச்சானின் மேட்டை மட்டும் வெள்ளைக் கல் வரிசையோடு விட்டுவிட்டார்கள். துரை சொன்னபடி தோட்டத்து மேசன் ஒரு கல்லும் நட்டான், பேர் வெட்டிய கல். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. தெரிந்தாலும் வாயால் வாசிக்க முடியாது. விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். சுற்றிலும் குட்டிக் குட்டித் தேயிலைக் கன்றுகள், வரிசை பிசகாமல். எங்கள் அப்பா அம்மா எந்த வரிசைக்குக் கீழே என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அது எனக்கு வலித்தது. மச்சான் தப்பினார் என்ற சந்தோஷமும் இருந்தது.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம், மச்சானுக்குப் படைக்க அக்காவும் நானும் போனோம். அவள் கையில் வடை, சுருட்டு, இடுப்பில் மறைத்த சின்னப் போத்தல். போய்ப் பார்த்தால் மேட்டைச் சுற்றி ஒரே கூட்டம். மேல் லயத்து ஆட்கள், கீழ் லயத்து ஆட்கள், ஆளுக்கொரு வாழையிலை. ஒரு கிழவி மச்சான் கல் முன்னால் இலையை விரித்து அதிரசம் வைத்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "ஏம்மா, இது எங்க வீட்டு மேடு. எதுக்கு இங்க படைக்கிறீங்க?"

கிழவி நிமிர்ந்தாள். "கோவிச்சுக்காதம்மா. எங்க ஆளும் இங்கனதான் எங்கயோ கெடக்காரு. எடம் தெரியல. எல்லாம் தேயிலையாப் போச்சு. இவருதானே எடத்தோட இருக்காரு? இவருகிட்டக் குடுத்தா கொண்டுபோய்ச் சேத்துருவாரு. பட்டாளத்துல அவருக்குச் சுமக்கிறதுதானம்மா வேலை."

அக்கா சுற்றியிருந்த இலைகளைப் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அப்ப இப்படி மேல மேலயா வைக்கிறது? வரிசையா வைங்க. யாருக்கு என்னன்னு சொல்லிட்டு வைங்க, அவருக்கு ஞாபக மறதி" என்று கங்காணி மாதிரி அதட்ட ஆரம்பித்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் மட்டும் நிற்கவில்லை.

நான் கடைசி ஆளாக மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தேன். எங்கள் அப்பாவுக்குப் புகையிலை இல்லாமல் வெற்றிலை இறங்காது. இரண்டையும் சேர்த்து மடித்துக் கல்லடியில் வைத்து, "மச்சான், இது எங்கப்பாவுக்கு. வழியில நீங்க போட்டுக்காதீங்க" என்றேன்.